உள்ளே போன பல்

நாற்றத்தை வகை பிரித்துச் சொல்வதில் அடைப்புக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. சாக்கடை அடைப்பு எடுப்பது இருபத்தாறு வருஷமாக அவருக்குத் தொழில். தெருவில் நின்று மூக்கை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், இது அடுப்படிக் குழாயில் உறைந்துபோன எண்ணெய், இது முடியும் சோப்பும் சேர்ந்து அழுகியது, இது கக்கூஸ் என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பாது. மூன்றையும் வெறுங்கையால் அள்ளியவர். அள்ளிய கையைக் கழுவிவிட்டு அங்கேயே நின்று டீ குடிப்பவர். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு வருஷமாகத் தன் வீட்டுக்குள் இருந்த நாற்றம் எதுவென்று தெரியாமல் திண்டாடினார்.

வீட்டில் அவரும் சம்சாரமும்தான். அவளுக்குச் சலவைக் கடையில் துணி தேய்க்கிற வேலை. சாயங்காலம் இரண்டு பேரும் வந்து சேர்ந்தால் தட்டோடு தட்டு முட்டுகிற மாதிரி எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவது கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். அப்போதுதான் அவள் கடைக் கதையை அவிழ்ப்பாள். எந்தச் சட்டைப் பையில் என்ன கிடந்தது, எந்த வீட்டுத் துணிமூட்டையில் அடுத்த வீட்டுத் துணி வந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் பகல் முழுக்கக் குழிக்குள் குனிந்து கிடக்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றியதுண்டு.

போன வருஷம் ஒரு நாள் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போனாள். உள்ளே காற்று வரவில்லை என்றாள். மறுநாளும் காற்று வரவில்லை. மழைக்காலம் வந்து காற்று கதவைப் பிய்த்துக்கொண்டு அடித்தபோதும் அவளுக்கு உள்ளே காற்று வரவில்லை. கதையும் நின்றுபோனது. படுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தொழில் நாற்றம் உடம்பில் ஏறிவிட்டது என்று அடைப்புக்காரர் முடிவு கட்டினார். ஒரு வேளைக் குளியல் மூன்று வேளை ஆனது. துணி துவைக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்தார். நகத்தைச் சதையோடு வெட்டினார். தலையை மழித்தார். கழுத்துத் தோல் உரிந்து எரிந்ததுதான் மிச்சம். ஏன் விலகிப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? இந்த வயதில் வேறு எந்தத் தொழிலுக்குப் போவது?

உண்மையைப் போட்டு உடைத்தவன் அவருடைய மச்சினன், சம்சாரத்தின் தம்பி. அவருக்குக் கூட்டாளியும் அவன்தான். நீளக் கம்பிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவதால் அவனுக்குக் கம்பி என்றே பேர். ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு கம்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நாலடி விடு என்று அவர் சொன்னதும் அவன் வெடுக்கென்று தலையை வெளியே எடுத்துவிட்டான்.

"மாமா, கோவிச்சுக்கக் கூடாது. கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பிப் பேசுங்க."

"ஏன்?"

"சாக்கடையக்கூட தாங்கிக்குவேன். உங்க வாயத் தாங்க முடியல மாமா."

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தார். அவன் மூஞ்சியில் விளையாட்டு இல்லை. அக்காவும் இதைச் சொல்லித் தன்னிடம் அழுததாகச் சொன்னான். பாவம் மூணு தடவை குளிக்கிறாரு, அவர்கிட்டப் போய் நாத்தம் வாயிலனு எந்த வாயால சொல்லுவேன் என்றாளாம்.

அடைப்புக்காரர் குழியோரமாகவே உட்கார்ந்து, உள்ளங்கையைக் குவித்து ஊதி மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குள் நகத்தை விட்டு நோண்டி மோந்தார். உடனே தெரிந்துவிட்டது. வருஷக்கணக்காகத் திறக்காத பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே கசடு தேங்குகிற அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் குப்பென்று அடிக்குமே, அதே வகை. பழைய சோறு, பழைய கொழுப்பு, கூடவே கொஞ்சம் சீழ். அவர் பெயர் வைத்துப் பிரித்து அறிந்த நாற்றம்தான். அது தன் நாக்குக்குப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது என்று நினைத்ததும், இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சாக்கடையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

அந்தப் பல் கெட்டது தொழிலால்தான். ஒழுகாமலிருக்கக் குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பைக் கையால் கிழிக்க முடியாது, இரண்டு கையிலும் அழுக்கு. அதனால் டேப்பு உருளை எப்போதும் அவர் வாயில் இருக்கும். முன்பல்லில் சந்து இருப்பதால் கடைவாயில் கவ்வி வெடுக்கென்று ஒரு இழுப்பு. துருப்பிடித்த மூடி திரும்பாவிட்டால் அதற்கும் அந்தப் பல்தான். ஒரு நாள் பாதிப் பல் உடைந்து விழுந்தது. வலித்தது, பிறகு வலி நின்றது. நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் என அவர் எண்ணிக்கொண்டார்.

வலி நின்றது பல் செத்துப்போனதால் என்று பல் டாக்டரம்மா சொன்னார். நாற்காலியைச் சாய்த்து, விளக்கைக் கண்ணுக்கு நேரே இறக்கி, நுனி வளைந்த கம்பியை உள்ளே விட்டுக் கிளறினார். தான் அடுத்தவர் வீட்டில் செய்வதைத்தான் இந்த அம்மா தன் வாயில் செய்கிறார் என்று அடைப்புக்காரருக்குப் புரிந்தது. பஞ்சில் மஞ்சளும் கறுப்புமாக என்னவோ ஒட்டி வந்தது. ஒரு நூல் கனத்துக்கு ஏதோ இழுபட்டும் வந்தது. டாக்டரம்மா மூஞ்சியைச் சுளிக்கவில்லை. மூக்குக்கு மேல் துணி கட்டியிருந்ததால் தெரியாமலும் போயிருக்கலாம்.

மூன்று தடவை வரவழைத்து வேரைத் தோண்டிச் சுத்தம் செய்தார்கள். பிறகு மிச்சப் பல்லைச் சுற்றிலும் அராவிக் குச்சியாக்கினார்கள். அச்செடுக்க ஒரு தட்டு நிறைய ரோஸ் நிறக் களிம்பை வாய்க்குள் அழுத்தினார்கள். அது மெதுவாகத் தொண்டைப்பக்கம் இறங்கியது. குமட்டிக் குமட்டிக் கண்ணில் நீர் வழிந்தது, நாற்காலிக் கைப்பிடி அவர் பிடியில் நெரிந்தது. பத்து நாள் கழித்துக் கேப் வந்தது. பல் மாதிரியே வெள்ளையாக, உள்ளே குடைந்த ஒரு குட்டித் தொப்பி. ஒரு வாரம் லேசான பசையில் ஒட்டிப் பார்ப்போம், உறுத்தாவிட்டால் அடுத்த வாரம் நிரந்தரமாக ஒட்டிவிடலாம் என்றார் டாக்டரம்மா. அதுவரைக்கும் அந்தப் பக்கம் கெட்டியாக எதையும் மெல்லக் கூடாது.

அன்று சாயங்காலம் சம்சாரம் தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படி வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். திரும்பி வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க, வாயத் திறங்க" என்றாள். குனிந்து பார்த்தாள். "அது மட்டும்தான் வெள்ளையா இருக்கு. மத்ததெல்லாம் அதைப் பார்த்து வெக்கப்படணும்."

ஒரு வருஷத்துக் கதையையும் சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. சோறு காய்ந்து கை காய்ந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள். அடைப்புக்காரர் இடப்பக்கமாகவே மென்றார். டாக்டரம்மா சொன்னதை மீறவே இல்லை. ரொட்டி ஓரத்தைக்கூடப் பிய்த்துத் தண்ணீரில் நனைத்துத் தின்றார்.

மீறியது நாலாம் நாள், அதுவும் மீறுகிறோம் என்று தெரியாமல். மெல்லக் கூடாது என்றால் சாப்பாட்டை மெல்லக் கூடாது என்றுதான் அவர் கணக்கு. டேப்பு சாப்பாடு இல்லையே.

பெரிய வீடு ஒன்றில் அடுப்படித் தொட்டி அடைத்திருந்தது. வீட்டுக்காரம்மா வாசலிலிருந்து தொட்டி வரைக்கும் பழைய பேப்பரை விரித்து, அதன் மேல்தான் நடக்க வேண்டும் என்றார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நின்று கண்ணெடுக்காமல் பார்த்தார். அடிக்கிண்ணத்தில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று இருந்ததை அள்ளி வாளியில் போட்டுவிட்டு, அடைப்புக்காரர் குழாயை மாட்டினார். வழக்கம்போல டேப்பு வாயில். வழக்கம்போல வெடுக்கென்று ஒரு இழுப்பு. டேப்பு கிழிந்தது. வாய்க்குள் கடினமாக ஏதோ ஒன்று உருண்டது.

துருத்துண்டு என்று நினைத்தார். துப்ப வேண்டும். எங்கே துப்புவது? கைக்குட்டைக்கு மேலே இரண்டு கண்ணும் அவரையே பார்க்கின்றன. அந்த அடுப்படியில் துப்புவதைவிட அந்தத் தொட்டியிலேயே முங்கிச் சாகலாம். வெளியே போய்த் துப்பிக்கொள்ளலாம் என்று கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தம்மா கேட்டார், இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று. கேட்டவர் பெரிய மனுஷி. பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "அஞ்சு நிமிசம்மா" என்றார். சொல்லும்போதே அது தொண்டையைத் தாண்டிவிட்டது.

நாக்கு வலப்பக்கம் போய்ப் பார்த்தது. குச்சி மட்டும் இருந்தது.

வெளியே வந்ததும் கம்பியிடம் சொன்னார். அவன் சிரிக்கக் கூடாது என்று கம்பிச்சுருளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான், முடியவில்லை.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லிப் பார்த்தார். மூச்சுக்குழாய்க்குப் போகவில்லை, வயிற்றில்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு மூன்று நாளில் தானாக வந்துவிடும் என்றார். புதிதாகச் செய்வதென்றால் மறுபடி அந்தக் களிம்பு, மறுபடி பத்து நாள், மறுபடி முழுத்தொகை.

"இல்லனா, வந்ததும் எடுத்துட்டு வாங்க. ஆவி மெஷின்ல வச்சு சுத்தம் பண்ணி ஒட்டிடலாம்."

"அதையேவா?"

"அதையேதான். ஒரு கிருமி இருக்காது. பயப்படாதீங்க."

களிம்பை நினைத்தார், தொகையை நினைத்தார். இரண்டையும்விட ஒன்று அவரைக் குத்தியது. அடுத்தவன் தொலைத்ததை எடுத்துக் கொடுப்பதுதான் தொழில். மோதிரம், தோடு, சாவிக்கொத்து என்று எத்தனை எடுத்திருப்பார். தன்னுடையதை எடுக்கத் துப்பில்லை என்று போவதா? எடுத்துட்டு வரேம்மா என்று சொல்லிவிட்டு வந்தார்.

வழியில்தான் அந்தக் கிழவர் ஞாபகம் வந்தது. ரொம்ப நாளைக்கு முன்னால் ஒரு கிழவர் வாந்தி எடுக்கும்போது பல்செட்டைக் கக்கூஸில் தவறவிட்டுவிட்டார். அடைப்புக்காரர் முழங்கை வரை கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். கிழவர் அதைக் குழாயில் காட்டி ஒரு உதறு உதறி, நேரே வாயில் மாட்டிக்கொண்டு, ரொம்ப நன்றி தம்பி என்று பல்லைக் காட்டிச் சிரித்தார். அடைப்புக்காரர் அன்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கதையை அவர் சொல்லாத இடமில்லை. அந்த உதறலையும் சிரிப்பையும் நடித்தே காட்டுவார். பல்செட்டு வாயில் போகிற இடத்தில் எல்லோரும் சீ என்பார்கள். சாப்பிடும்போது அந்தக் கருமத்தை எடுக்காதீங்க என்று சம்சாரம் தட்டைத் தள்ளி வைப்பாள்.

அதனால் அவளிடம் மூச்சு விடவில்லை. பசை விட்டுப்போச்சு, டாக்டரம்மா சரி பண்ணித் தரேனு வாங்கி வச்சிருக்காங்க என்று ஒரு பொய்யைச் சொன்னார். தட்டோடு தட்டு முட்டி உட்கார்ந்து நாலு நாள்தான் ஆகிறது. இதைச் சொன்னால் இனி அவள் வாசல்படியோடு நிற்க மாட்டாள், தெருவுக்கே தட்டைக் கொண்டுபோவாள்.

கட்டட வேலைக்காரரிடம் மணல் சலிக்கும் சின்னச் சல்லடை ஒன்றை வாங்கி வந்தார். சம்சாரம் வேலைக்குப் போகிற வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அவள் தெருமுனை திரும்பியதும் வாளி, சல்லடை, கையுறையோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவார். கையுறை மாட்டினது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

ஊரான் வீட்டு மலத்தை அள்ளியபோது வராத அருவருப்பு தன்னுடையதைப் பார்த்ததும் வந்தது. அது ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை. ஊரானுடையது வேலை. அதற்கு ஒரு நீளம், ஆழம், கூலி உண்டு. இதுவோ நேற்று அவள் கையால் போட்ட சோறு. அதன் பருப்புத்தோல்கூட அடையாளம் தெரிந்தது. குச்சியால் கரைத்துத் தண்ணீரை ஊற்ற ஊற்றக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் எப்படித் தேடுவது? திறந்தார். சுவரில் நெற்றியை வைத்து நின்றுவிட்டு மறுபடி குனிந்தார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை.

"விருந்தாளி வந்தாச்சா மாமா?" என்று கம்பி தினமும் விசாரித்தான். "வழி தெரியாம எங்கயாவது தங்கிட்டாரோ? வேணும்னா நம்ம கம்பிய விட்டுப் பாத்துரலாமா?"

அவன் மேல் வாளியைத் தூக்கி எறிந்தார்.

மூன்றாம் நாள் காலையில் சல்லடையில் டக்கென்று ஒரு சத்தம். பழுப்பேறிய சின்னத் தொப்பி. அதன் குடைவுக்குள்ளும் அடைத்திருந்தது. ஊசியால் நோண்டி எடுத்தார். சோப்புப் போட்டுக் கழுவினார், பதினோரு தடவை. உப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தார். கொதிக்க வைத்த டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டார். கேப் பளிச்சென்று வெள்ளையாகிவிட்டது. மோந்து பார்த்தார், சோப்பு வாசனைதான் அடித்தது. நாற்றத்தில் அவர் மூக்கு பொய் சொல்லாது. ஆனாலும் அந்த மூக்கை அன்று அவரால் நம்ப முடியவில்லை.

டாக்டரம்மாவும் அதை ஆவி மெஷினில் வைத்து, தாளுறையில் எடுத்து வந்து, நிரந்தரப் பசை தடவி அழுத்தினார். கடியுங்க என்றார். கடிக்காமல் இருந்தார். கடியுங்க ஐயா என்று மறுபடி சொன்ன பிறகு கண்ணை இறுக்கி மூடிக் கடித்தார்.

அன்றிலிருந்து நாக்கு இடப்பக்கமே ஒதுங்கிக்கொண்டது. எச்சில் ஊறினால் விழுங்கப் பயம். வலப்பக்கத்துக் கன்னமே தன்னுடையது இல்லாத மாதிரி இருந்தது. சாயங்காலம் சம்சாரம் எதிரே உட்கார்ந்து ஆசையாகக் கதையை ஆரம்பித்தாள். அவருக்கு எதிரே சோறு. சோற்றில் பருப்பு. சல்லடை கண்ணில் ஆடியது. தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போய்விட்டார்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"உள்ள காத்து வரல" என்றார்.

வேறு வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை. மறுநாளும் அதையேதான் சொன்னார். அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் கொஞ்சம் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தார். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சம்சாரம் நின்று, துணி துவைக்கும் சோப்பைக் கழுத்திலும் கக்கத்திலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து செக்கச் செவேலென்று சிவந்திருந்தது. கையை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

அவரைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கடையில் கறை எடுக்க ஒரு மருந்து ஊற்றுகிறார்கள், அந்த நாற்றம் உடம்பில் ஏறிவிட்டதோ என்னவோ என்றாள். எத்தனை தேய்த்தும் தனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத்தான் தெரியும் என்று குனிந்துகொண்டே சொன்னாள்.

தான் போட்ட அதே சோப்பு. தன் கழுத்து எரிந்த அதே இடம். ஒரு வருஷம் தனக்கு எப்படி இருந்தது என்பது அடைப்புக்காரருக்குத் தெரியும். வாசல்படியா தெருவா என்று பார்த்துக்கொண்டிருக்க இனி நேரமில்லை.

"உன்கிட்ட ஒரு நாத்தமும் இல்ல" என்றார். "அந்தப் பல்லு இருக்கே, அது டாக்டரம்மாகிட்ட இல்ல. நான் முழுங்கிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "முழுங்கிட்டா, வாயில இருக்கிறது எது?"

"அதேதான்."

அவள் கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. வழி புரிந்த இடத்தில் நின்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் வெளியே நின்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பெரிய வீட்டு அடுப்படி, கைக்குட்டை, அஞ்சு நிமிசம்மா, சல்லடை, பதினோரு கழுவல், ஆவி மெஷின். உள்ளே ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் விழுகிற சத்தம்.

மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண் கலங்கிச் சிவந்திருந்தது.

"எந்தச் சல்லடை?"

"நம்ம வீட்டுது இல்ல. மணல் சலிக்கிறது. தூக்கிப் போட்டாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, நான் தள்ளி உக்காந்தப்போ?"

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் உள்ளே போய் இரண்டு தட்டிலும் சோறு போட்டாள். அவருடைய தட்டைச் சுவரோரமாக வைத்தாள். தன் தட்டை எதிரே வைக்கப் போனவள், அவர் வாயைப் பார்த்தாள். வாசல்படியைப் பார்த்தாள். கடைசியில் அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே, இடப்பக்கமாகக் கொண்டுவந்து வைத்தாள்.

"நேருக்கு நேர் என்னால முடியாதுங்க, இப்பவே சொல்லிட்டேன். இப்படியே உக்காருவோம். என் பக்கம் மட்டும் திரும்பாதீங்க."

சரி என்றார்.

"அந்தக் கெழவர் கதைய இனிமே எவன்கிட்டயும் சொல்லக் கூடாது."

சரி என்றார்.

இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். அவள் பருப்பைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி, வெறும் சோற்றை இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாய் போகவில்லை. பிறகு, அவர் பக்கம் திரும்பாமலே, இன்றைக்கு ஒரு கோட்டுப் பையில் என்ன கிடந்தது தெரியுமா என்று ஆரம்பித்தாள். அடைப்புக்காரர் வலப்பக்கத்தைத் தொடாமல் மெதுவாக மென்றுகொண்டு கேட்டார்.